ஆடுகளத்தின் வாயில்

குழந்தைக்கு உண்ணக் கற்பிக்க வேண்டும். உடுக்கக் கற்பிக்க வேண்டும். எழுதவும் எண்ணவும் கற்பிக்க வேண்டும். ஆடுவதற்கு மட்டும் எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தவழும் பருவத்திலேயே அஃது உருளும் பொருளைப் பின்தொடர்கின்றது. நடை பழகிய சில நாளிலேயே ஓடத் துணிகின்றது, விழுகின்றது, அழுகின்றது, அழுகை ஓயுமுன் மீண்டும் ஓடுகின்றது. மாடத்தில் வளரும் குழந்தையும் குடிசையில் வளரும் குழந்தையும் இதில் ஒரு தன்மையவே. ஆடும் விருப்பத்தைப் பங்கிட்ட இயற்கை, வீட்டின் கூரையைப் பார்த்துப் பங்கிடவில்லை.

பழந்தமிழ் மக்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். மகளிர் ஆடிய ஓரையும், மணலில் சிற்றில் இழைத்து ஆடிய வண்டலும், எறிந்து பிடித்து ஆடிய கழங்கும் சங்கப் பாடல்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் வழியில் வந்த நாட்டுப்புற ஆட்டங்களும் பொருட்செலவை வேண்டாதவை. கிட்டிப்புள்ளுக்கு வேலியில் முறித்த ஒரு கொம்பு போதும். பாண்டிக்கு உடைந்த ஓட்டுச் சில்லு போதும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். சடுகுடுவிற்கு மூச்சு ஒன்றே முதல். பச்சைக்குதிரைக்கோ ஒருவன் குனிந்து நின்றால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். யார் முதலில் குனிவது என்பதில் எழும் வழக்கைத் தீர்ப்பதுதான் சற்றே அரிது.

காலம் மாறிற்று, ஆட்டமும் மாறிற்று. கால்பந்து, கைப்பந்து, கிரிக்கெட், வளைகோற் பந்து, தடகளம் முதலியன இன்று உலகப் பொதுவாயின. அளவிட்டு அமைத்த திடலும், பந்தும், மட்டையும், ஆணி பதித்த காலணியும், பயிற்றுநரும் இவற்றிற்கு வேண்டும். வெளியூர்ப் போட்டிகளுக்குச் சென்றுவரப் பயணச் செலவு வேண்டும். உடல் தளராதிருக்க முட்டையும் பாலும் வேண்டும். ஒருபுறம் இத்தேவைகள் பெருக, மறுபுறம் ஊரின் வெற்றிடங்கள் சுருங்கின. முன்னர்ப் பிள்ளைகள் பந்தெறிந்த புறம்போக்கு நிலங்களில் இப்போது வீடுகள் எழுந்துள்ளன. பெருநகரங்களில் செயற்கைப் புல் விரித்த திடல்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. தனியார் பயிற்சிக் கூடங்கள் மாதந்தோறும் கட்டணம் பெறுகின்றன. கட்டணம் செலுத்தக்கூடியோர் உள்ளே ஆட, செலுத்த இயலாதோர் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்க்கின்றனர். அவர்களிடம் இல்லாதது திறமை அன்று. உள்ளே செல்லும் வாயிலே இல்லை. அவ்வாயில் எத்துணைச் சிறிய பொருளால் அடைபடுகின்றது என்பதையும், எத்துணைச் சிறிய உதவியால் திறக்கின்றது என்பதையும் சிலருடைய வாழ்க்கை காட்டும்.

அரியானா மாநிலத்தில் ஷாகாபாத் மார்க்கண்டா என்றோர் ஊர் உண்டு. ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே 1994 ஆம் ஆண்டு பிறந்தவர் ராணி ராம்பால். தந்தையார் வண்டியிழுத்துப் பிழைத்தார். தாயார் பிறர் வீடுகளில் பணிசெய்தார். மழைக்காலத்தில் வீட்டினுள் வெள்ளம் புகும். நேரம் பார்க்க வீட்டில் கடிகாரம் இல்லை. விடியுமுன் மகள் பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருந்ததால், தாயார் விழித்திருந்து வானத்தின் நிறத்தைப் பார்த்து அவரை எழுப்பிவிடுவாராம். இவற்றையெல்லாம் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

திடலில் மற்றப் பெண்கள் ஆடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த அச்சிறுமி, தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு பயிற்றுநர் பல்தேவ் சிங்கைக் கேட்டாள். சிறுமியின் மெலிந்த உடலைக் கண்ட அவர், பயிற்சியைத் தாங்கும் வலிமை இவளுக்கு இல்லை என்று மறுத்தார். சிறுமி விட்டாளில்லை. எங்கோ கிடந்த முறிந்த மட்டை ஒன்றை எடுத்து, அணிந்திருந்த உடையோடு ஓடியாடித் தானே பழகினாள். பலமுறை வேண்டியபின் பயிற்றுநர் இசைந்தார். அப்போது மற்றொரு தடை எழுந்தது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து பருக வேண்டும் என்பது அங்கு விதி. பயிற்றுநர்மேல் குறையில்லை, கடும்பயிற்சி செய்யும் உடலுக்கு ஊட்டம் வேண்டும் என்று கருதியே அவர் அவ்விதியை வகுத்தார். ஆயின் அச்சிறுமியின் வீட்டில் வாங்க முடிந்தது 200 மில்லி லிட்டர் பாலே. எஞ்சிய அளவுக்குத் தண்ணீரைக் கலந்து, எவருக்கும் தெரியாமல் அவள் பருகினாள். பாலில் தண்ணீர் கலப்பதை உலகம் குற்றம் என்று கூறும். அச்சிறுமி கலந்த தண்ணீரைக் குற்றம் என்று கூற எவருக்கு மனம் வரும்?

பின்னர் அப்பயிற்றுநரே மட்டையும் காலணியும் வாங்கித் தந்து, அவளுடைய உணவையும் கவனித்துக்கொண்டார். 14 வயதிலேயே ராணி இந்திய அணியில் இடம்பெற்றார். 2010 ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 15. ஒலிம்பிக் போட்டியில் 36 ஆண்டுகள் இடம்பெறாதிருந்த இந்திய மகளிர் அணி 2016 இல் மீண்டும் அங்குச் சென்றபோது அவரும் சென்றார். 2021 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் ஆடிய அணி நான்காம் இடம் பெற்றது. இவ்வளவும் ஒரு காலத்தில் 300 மில்லி லிட்டர் பாலின் அருமையில் தொங்கிக்கொண்டிருந்தன என்று எண்ணும்போது உள்ளம் நடுங்கும். பயிற்றுநரின் கண்ணில் படாமல், விதியைக் கேட்ட முதல் நாளே வீடு திரும்பிய சிறுமியர் எத்தனை பேரோ! அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தமிழ்நாட்டிற் சேலம் மாவட்டமும் இத்தகைய இருவரைத் தந்துள்ளது. ஒருவர் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். மகனின் மருத்துவத்திற்காகக் கடன்பட்டார். அரசுப் பள்ளியில் பயின்ற மாரியப்பனைக் கைப்பந்தாட்டம் முதலில் ஈர்த்தது. அவருள் வேறோர் ஆற்றல் இருப்பதைக் கண்டு, உயரம் தாண்டுமாறு ஊக்கியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 ஆம் வயதில் அவர் உடற்குறை ஏதுமில்லாத மாணவரோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2016 இல் ரியோ நகரிற் கூடிய மாற்றுத்திறனாளர் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021 இல் தோக்கியோவில் வெள்ளி. 2024 இல் பாரிசில் வெண்கலம். ஊனமுற்ற காலையுடைய பிள்ளையைத் திடலின் ஓரத்தில் அமர்த்தி, மற்றவருடைய சட்டைகளையும் பைகளையும் காக்கச் சொல்லுவதே பல பள்ளிகளில் இன்றும் காணும் வழக்கம். அவ்வாசிரியர் அங்ஙனம் செய்யவில்லை. எழுந்து தாண்டச் சொன்னார்.

மற்றவர் சின்னப்பம்பட்டியிற் பிறந்த தங்கராசு நடராசன். தந்தையார் தறியில் உழைத்தார். தாயார் சாலையோரத்தில் சிறு கடை வைத்திருந்தார். பிள்ளைகள் ஐவரில் இவரே மூத்தவர். 20 வயது வரை இவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து கொண்டு ஆடும் ஊர்க் கிரிக்கெட்டே. தோற்பந்தை வாங்கப் பணம் மிகுதி வேண்டும். அதனோடு காலுறை, கையுறை, தலைக்கவசம் என்று பலவும் வாங்க வேண்டும். டென்னிஸ் பந்திற்கு இவை ஒன்றும் வேண்டா. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அறுவடை முடிந்த வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் ஆடப்படும் ஆட்டம் இதுவே. அப்பந்து மென்மையானது, ஆடுபவன் ஓங்கி அடித்தால் எல்லை கடந்து போய்விடும். ஆகவே அடிக்க இடந்தராமல் அவனுடைய கால்விரலை நோக்கியே பந்தை இறக்க வேண்டும். யார்க்கர் எனப்படும் இவ்வகைப் பந்துவீச்சே பின்னாளில் நடராசனுக்குப் புகழ் தேடித் தந்தது. வறுமை பறித்ததெல்லாம் போக, அதற்குத் தெரியாமல் ஒன்றைக் கொடுத்தும் விட்டது போலும்! ஆயினும் இதனைக் கொண்டு வறுமை நல்லாசிரியன் என்று புகழத் தொடங்குவது பிழை. ஊரிலிருந்தே ஒருவர் கைகொடுத்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றிராவிடில் அவ்யார்க்கர் ஊர் எல்லையைத் தாண்டியிராது. ஜெயப்பிரகாசு என்னும் அவ்வழிகாட்டியின் பெயரெழுத்துகளைத் தம் ஆட்டச் சட்டையிற் பொறித்துக்கொண்டு நடராசன் ஆடினார்.

2020 இன் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியினர்க்கு வலைப்பயிற்சியில் பந்து வீசும் துணைப் பணிக்கே அவர் அழைத்துச் செல்லப்பட்டார். பிறர் காயமுற்றதால் வாய்ப்பு வந்தது. ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் ஒரே சுற்றுப்பயணத்தில் முதன்முறையாக ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2021 சனவரியில் பிரிஸ்பேன் நகரில் ஆடிய தம் முதல் டெஸ்டின் முதல் ஆட்டப்பகுதியில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போட்டியில் இந்தியா வென்றது. பொருள் வந்தபின் அவர் செய்த செயல் ஒன்று சிறப்பாகக் குறிக்கத்தக்கது. தம் ஊரிலேயே முறையான கிரிக்கெட் திடல் ஒன்றை அமைத்தார். 2023 சூன் திங்களில் அது திறக்கப்பட்டது. தமக்கு 20 வயது வரை கிட்டாத திடலும் தோற்பந்தும் அவ்வூர்ச் சிறுவர்க்கு எட்டும் தொலைவிலேயே கிடைக்கின்றன.

வறுமை ஒன்றே வாயிலை அடைக்கின்றது என்று எண்ணிவிடலாகாது. நூறாண்டுக்கு முன் புனே நகரில் பல்வங்கர் பாலு என்பவர் வாழ்ந்தார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆங்கிலேயருடைய கிரிக்கெட் சங்கத்தில் சில ரூபாய் மாத ஊதியத்திற்குத் திடலைச் சமன்செய்து, வலை கட்டி, அவர்கள் ஆடிப் பழகுவதற்காகப் பந்து வீசினார். மணிக்கணக்கில் பந்து வீசியவர் கையில் மட்டையைக் கொடுக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆங்கிலேயரை வெல்ல வேண்டும் என்னும் ஆவலால் இந்துக்கள் அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். திடலில் அவர் தொட்ட பந்தை யாவரும் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர், வெளியே, மண்குவளையில் தரப்பட்டது. 1911 ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை. 1923 இல் அவருடைய தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார். அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. திடலின் கோட்டிற்குள் முதலிற் புகுவது திறமை; சமன்மை அதன்பின் மெல்ல நடந்து வருகின்றது.

இதுகாறும் கூறியன வென்றவர் வரலாறு. ஆயிரம் பேர் ஓடினால் ஒருவரே முதலில் வருவார். எஞ்சிய 999 பேர் ஓடியது வீணோ? விளையாட்டு பதக்கத்திற்காகவே என்று கருதுவோர் இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பதக்கத்தையும் வேலைவாய்ப்பையும் காட்டித் திடலுக்கு அழைப்பதில் ஓரளவு பொய்யும் கலந்திருக்கின்றது. மிகச் சிலருக்கே அவை கிட்டும். எல்லோர்க்கும் கிட்டுவது வேறு.

முதலாவது உடல்நலம். 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவருள் 100 க்கு 81 பேர் அவ்வாறு இயங்குவதில்லை என்று 2016 ஆம் ஆண்டின் உலகக் கணக்கு காட்டிற்று. ஏழைப் பிள்ளைகள் வீட்டில் வேலைசெய்து உடல் உழைக்கின்றனரே, அவர்களுக்கு விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்பர். குடம் சுமந்த தோள் வலிக்கும். பந்தெறிந்த தோளும் வலிக்கும். முதல் வலி முகத்தை வாட்டும். இரண்டாம் வலியோடு வீடு திரும்பும் பிள்ளை வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வருவான். விருப்பத்தோடு களைத்த உடலுக்கும் வேறு வழியின்றிக் களைத்த உடலுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

அடுத்தது பழக்கம். நடுவர் ஊதியவுடன் நிற்க வேண்டும்; தவறாக ஊதினும் நிற்க வேண்டும். தோற்றபின் வென்றவன் கையைக் குலுக்க வேண்டும். தான் அடிக்கக்கூடிய பந்தையும், தன்னினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இவற்றை நீதிநூல்களும் கூறும். ஆனால் நூலிற் படித்ததை மதிப்பெண் பெற்றவுடன் மறந்துவிடுவதுண்டு. முழங்கால் சிராய்த்துக் கற்றதை மறப்பது அரிது. இன்னும் ஒன்று. கூலி வேலை செய்பவரின் மகன் நிலக்கிழாரின் மகனை நோக்கிப் பெயர் சொல்லி, உரத்த குரலில், “பந்தை இங்கே தள்ளு!” என்று கூவக்கூடிய இடம் ஊரில் வேறெங்கே உள்ளது? பள்ளிச் சீருடை உடையில் உண்டாக்கிய ஒப்புமையைத் திடல் குரலில் உண்டாக்குகின்றது.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சுவர். வறிய பெற்றோர் இன்னும் மிகுதியாக அஞ்சுவர். படிப்பு ஒன்றே தம் பிள்ளைகளைக் கரையேற்றும் தோணி என்று அவர்கள் நம்புகின்றனர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. அது பட்டறிவிலிருந்து பிறந்தது. எனினும் ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளை அதன்பின் அமைதியாய் அமர்ந்து படிப்பதையும், வகுப்பில் ஒன்றும் வராதென்று ஒதுக்கப்பட்ட பிள்ளை திடலுக்காகவே நாள் தவறாமல் பள்ளிக்கு வருவதையும் ஆசிரியர்கள் அறிவர். பள்ளியை விட்டு நின்றுவிடக் கூடிய பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் கயிறாகப் பந்து அமைந்த ஊர்கள் பல.

ஏழைப் பிள்ளைக்கு எட்டக்கூடிய திடல் பெரும்பாலும் பள்ளித் திடலே. ஆதலின் சட்டமும் பள்ளியையே சுட்டுகின்றது. 1989 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31 ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள் என்று கூறுகின்றது. இந்தியா 1992 இல் அதனை ஏற்றது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்று விதிக்கின்றது. சட்டம் நன்று. ஆனால் கால அட்டவணையில் விளையாட்டுப் பாடவேளை என்று எழுதியிருப்பது ஒன்று, அவ்வேளையில் நடப்பது மற்றொன்று. தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் அப்பாடவேளையைக் கடனாகக் கேட்பார். அறிவியல் ஆசிரியர் அடுத்த வாரத்திற்குச் சொல்லி வைப்பார். உலகில் திருப்பித் தரப்படாத கடன்கள் பல. அவற்றுள் இதற்குத் தனியிடம் உண்டு. வசதியுள்ள பிள்ளை மாலையில் பயிற்சிக் கூடத்திற்குச் சென்று அதனை ஈடுசெய்து கொள்வான். மற்றப் பிள்ளைக்கு அந்த 40 நிமிடமே வாரத்தின் விளையாட்டு முழுவதும். அது போனால் போனதுதான்.

பசித்த பிள்ளை படிக்க இயலாது என்பதைத் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்னரே உணர்ந்தது. 1956 இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் பரவிற்று. 1982 இல் சத்துணவாக விரிந்தது. 2022 இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளை ஓடவும் இயலாது. காலையில் திடலைப் பத்துமுறை சுற்றிய பிள்ளைக்கு வேண்டும் உணவு, வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைக்கு வேண்டுவதினும் மிகுதி. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு குவளைப் பால், செலவு பெரிதன்று. ஷாகாபாத்துச் சிறுமியின் கதை அறிந்தோர் இதனைச் சிறு பொருள் என்று தள்ளார்.

திடலுக்கே இடமில்லாத நகர்ப்புறங்களிலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. வட சென்னையின் நெருக்கமான தெருக்களில் கேரம் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நிற்பதைக் காணலாம். நான்கு பேர் அமர இடமிருந்தால் போதும் அவ்வாட்டத்திற்கு. அப்பகுதியிலிருந்து வந்தவர் காசிமா, ஆட்டோ ஓட்டுபவரின் மகள், தந்தையாரே பயிற்றுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 17 வயதில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். இடம் குறுகிய தெருவிற்கு ஏற்ற ஆட்டத்தை அத்தெருவே தேர்ந்துகொண்டது. கால்பந்துக்கும் ஓட்டத்திற்கும் அங்ஙனம் இடத்தைச் சுருக்க இயலாது. அவற்றிற்கு நிலம் வேண்டும். மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடல்களைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் நகரங்களுக்குப் புதிய நிலம் வாங்கும் செலவு ஓரளவு குறையும்.

கருவிகளும் அவ்வாறே. 2024 இல் தமிழ்நாட்டு அரசு 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கருவி வந்த பின்னும் ஒரு தடை உண்டு. அது பெட்டியின் சாவி. பந்து பழுதாகிவிடும், மட்டை தொலைந்துவிடும் என்று அஞ்சி அலமாரியில் வைத்துப் பூட்டுதல் நல்லெண்ணத்தால் நேரும் தீங்கு. உறை பிரியாத பந்தைத் தணிக்கையாளர்க்குக் காட்டலாம். பிள்ளைகளுக்குக் காட்டினால் ஏக்கமே மிஞ்சும்.

பெண் பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை ஆண் பிள்ளைகளை ஓட்டத்தில் முந்தியவள், அதன்பின் ஒருநாள் திடலுக்கு வராது நின்றுவிடுவாள். ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டாததொன்று என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தண்ணீர் எடுக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருட்டுமுன் வீட்டில் இருக்க வேண்டும். திடலருகே கழிப்பிடமும் உடைமாற்றும் அறையும் இல்லை; திரும்பி வரும் சாலையில் விளக்கில்லை. இவற்றுள் ஒன்றும் பெருஞ்செலவில் தீர்க்க வேண்டுவதன்று. ஓர் ஆசிரியை மாலை ஆறு மணி வரை உடனிருப்பார் என்று தெரிந்தால் பாதித் தாய்மார் இசைவர்.

மதுரைக்கு அருகிலுள்ள சக்கிமங்கலத்தில் ரேவதி என்னும் சிறுமி இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தாள். கூலி வேலை செய்த பாட்டி அவளையும் தங்கையையும் வளர்த்துப் படிக்க வைத்தார். பள்ளிப் போட்டிகளில் ரேவதி வெறுங்காலோடு ஓடினாள். அவ்வோட்டத்தைக் கண்ட கண்ணன் என்னும் பயிற்றுநர் பயிற்சிக்கு அழைத்தார். பேத்தியை விளையாட்டிற்கு அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனமில்லை. பயிற்றுநர் எடுத்துச் சொல்லிப் பாட்டியை இசைவித்து, மதுரையில் கல்லூரியும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். காலணி பின்னரே வந்தது. கல்லூரிப் போட்டிகளிலும், 2016 இல் தேசியப் பயிற்சி முகாமிலுங்கூட ரேவதி வெறுங்காலோடே ஓடியதுண்டு.

2021 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவரும் மகளிரும் கலந்து ஓடிய 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவர் இந்தியாவிற்காக ஓடினார். அணி இறுதிச் சுற்றை எட்டவில்லை, பதக்கமும் கிட்டவில்லை. ஆனால் ஓட்டத்தின் பயனாகத் தெற்கு இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வயல்களிலும் செங்கற் சூளைகளிலும் உழைத்துப் பேத்தியரை வளர்த்த அப்பாட்டியின் குடும்பத்திற்கு மாதந்தோறும் ஊதியம் வரலாயிற்று.